கையில் கல்லைக் கொடுத்தால் பாட்டு வரும்

விளையாட்டுப் பாட்டு சேகரிக்கப் போகிறவர் முதல் நாளே கேட்கும் பதில் ஒன்று உண்டு. "அதெல்லாம் எந்தக் காலத்துல விளையாண்டது தம்பி! ஒண்ணும் ஞாபகம் இல்ல." சொல்கிற அம்மாவுக்கு அறுபத்தைந்து, எழுபது வயதிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. "பாட்டைச் சொல்லுங்க" என்று கேட்டால் உண்மையிலேயே வராது.

அதே அம்மாவுக்கு முன்னால் வழவழப்பான கூழாங்கல் ஐந்தை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்து பார்க்க வேண்டும். கை சும்மா இருக்காது. கல்லை அள்ளும், கனம் பார்க்கும், ஒன்றை மட்டும் பொறுக்கி மேலே வீசும். முதல் வீச்சில் பிடி தவறும். இரண்டாவதில் கல் உள்ளங்கையில் வந்து உட்காரும். மூன்றாவதில் உதடு அசையும். கீழே கிடக்கும் கற்களை ஒவ்வொன்றாக எடுக்கும் ஒன்றாம் ஆட்டத்துக்கு உரிய அடி வாயில் வந்துவிட்டால், இரண்டிரண்டாக அள்ளும் ஆட்டத்தின் அடி அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டு அக்காளும் திண்ணைக்கு வந்துவிடுவார், "அப்படி இல்லடி, அந்த எடத்துல வேற வரும்" என்று சொல்லிக்கொண்டே.

விளையாட்டுப் பாட்டை மட்டும் தனியாகப் பறிக்க முடியாது. ஆட்டத்தோடு, வேரும் மண்ணுமாகத்தான் எடுக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான்.

'பாட்டு' என்று கேட்டால் கிடைக்காது

பிள்ளைகளிடம் "உங்களுக்கு என்னென்ன பாட்டு தெரியும்?" என்று கேட்டால் சினிமாப் பாட்டு வரும், அல்லது வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாட்டு வரும். ஆள் பிரிக்கும்போதும், தாண்டும்போதும், தோற்றவனைக் கேலி செய்யும்போதும் சொல்வதை அவர்கள் பாட்டு என்று நினைப்பதே இல்லை. அது 'சொல்றது', அவ்வளவுதான். ஆகவே கேள்வி ஆட்டத்தைப் பற்றி இருக்க வேண்டும். "யாரு மொதல்ல பட்டவர்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?" "கண்ணைப் பொத்துற ஆளு என்ன கேப்பாங்க?" இப்படிக் கேட்டால் வாயைத் திறப்பதற்கு முன்பே கையை நீட்டிக் காட்டத் தொடங்கிவிடுவார்கள்.

தேட வேண்டியவை பலவகை. மூன்று பேர் கை சேர்த்து உள்ளங்கையைத் திருப்பிப் போடும் சா பூ த்ரீ போன்றவை. அணித் தலைவர்களான தாச்சிகள் இருவருக்கு ஆள் பிரிக்க, இரண்டிரண்டு பேராகத் தள்ளிப் போய் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வரும் உத்தி பிரித்தல். தட்டாங்கல், பச்சைக்குதிரை, கைதட்டு விளையாட்டு ஆகியவற்றில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய அடிகள். கண்ணாமூச்சியில் வரும் கேள்வி பதில். சடுகுடுவில் மூச்சு விடாமல் சொல்வது. ஆட்டமே இல்லாமல் சொல்பவையும் உண்டு. மழை வரும்போது சொல்வது, விழுந்த பல்லைக் கூரைமேல் எறியும்போது சொல்வது, பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்வது. ஒற்றைச் சொற்களையும் விடக் கூடாது. 'அம்பேல்', 'ஜூட்' போன்றவை ஒரு சொல்தான் என்றாலும் ஆட்டத்தை நிறுத்தவும் தொடங்கவும் வல்லவை. இங்கிலாந்தில் அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி தம்பதியர் ஆட்டத்தின் நடுவே ஓய்வு கேட்கும் சொல் எந்த வட்டாரத்தில் எது என்று நிலப்படமே வரைந்தார்கள். ஏறத்தாழ 70 பள்ளிகளைச் சேர்ந்த 5,000 பிள்ளைகள் சொன்னதைத் தொகுத்து 1959இல் அவர்கள் வெளியிட்ட நூலில் அந்தப் படம் இருக்கிறது. தமிழில் 'அம்பேல்' எந்த ஊர்வரை செல்லும், அதற்கு அப்பால் என்ன சொல்கிறார்கள் என்பதை ஒரு மாவட்டத்துக்கு மட்டும் குறித்தால்கூட அது பெரிய வேலை.

விளையாட்டின் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். ஒரே கல் விளையாட்டு ஓரிடத்தில் தட்டாங்கல், வேறோரிடத்தில் கல்லாங்காய், மதுரைப் பக்கம் சொட்டாங்கல், ஈழத்தில் கொக்கான். போகிற ஊரில் என்ன பெயர் என்று தெரியாமல் "தட்டாங்கல் ஆடுவீங்களா?" என்று கேட்டால் "இல்லையே" என்பார்கள். அதை நம்பித் திரும்பி வந்துவிடுபவர்கள் உண்டு. பெயரைச் சொல்லாமல் கையால் ஆடிக் காட்டிக் கேட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

புறப்படும் முன்

1. ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சொந்தத் தெரு, அம்மா பிறந்த ஊர், ஒரு பள்ளிக்கூடம். 'தமிழ்நாட்டு விளையாட்டுப் பாட்டு' என்று தொடங்கினால் ஒரு மாதத்தில் சோர்வு வந்துவிடும். அயோனா ஓப்பி 1970 முதல் 1983 வரை தன் வீட்டுக்கு அருகில் உள்ள லிஸ் என்ற ஊரின் பள்ளி மைதானத்துக்கு வாரம் ஒருமுறை போய் நின்றார். ஒரே மைதானம், 13 ஆண்டுகள்.

2. தனக்குத் தெரிந்ததை முதலில் எழுதிவிட வேண்டும். சேகரிப்பவரே ஒரு காலத்துப் பிள்ளைதான். முதல் தகவலாளி அவரே. மேலும், தன் நினைவில் இருப்பதை முன்பே எழுதி ஒதுக்கிவைத்தால், பிறர் சொல்லும்போது அதைத் திருத்தி வாங்கும் ஆசை குறையும்.

3. ஏற்கனவே அச்சில் இருப்பதைப் பார்த்துவிட வேண்டும். தேவநேயப் பாவாணரின் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' 1954இல் வந்தது; கட்டாயம் புரட்டிப் பார்க்க வேண்டிய நூல். கவிமணி, அழ. வள்ளியப்பா ஆகியோரின் குழந்தைப் பாடல்களையும் படித்துவைத்துக்கொள்வது நல்லது. பாட்டி சொன்னது 'வாய்மொழி' என்று பூரித்து எழுதிக்கொண்ட பிறகு, அது அவர் மூன்றாம் வகுப்பில் படித்த பாடம் என்று தெரியவரும் ஏமாற்றம் அடிக்கடி நேர்வது. பெயர் தெரிந்த கவிஞரின் பாட்டுக்கு அவர் இறந்து 60 ஆண்டுகள்வரை இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை உண்டு என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

4. பையில் வைக்க வேண்டியவை: கூழாங்கல் ஐந்து (ஏழு இருந்தால் இன்னும் நல்லது), சோழி, சாக்கட்டி, ஓட்டுச்சில்லு, சின்னத் துண்டு, தடிமனான அட்டை போட்ட குறிப்பேடு, பென்சில். பேனா காற்றிலும் வியர்வையிலும் மக்கர் செய்யும்; பென்சில் செய்யாது. கைபேசிக்குக் கூடுதல் மின்சேமிப்பான் வேண்டும்.

அனுமதி

இதில் குறுக்குவழி கிடையாது. பள்ளிக்கூடம் என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். தெரு என்றால் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், என்ன செய்யப் போகிறோம், குரலையும் படத்தையும் எங்கே வைக்கப் போகிறோம், யார் கேட்பார்கள் என்று தாய் தகப்பனிடம் சொல்ல வேண்டும். எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்காக இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பெற்றோர் சம்மதித்த பிறகும் பிள்ளையிடம் தனியாகக் கேட்க வேண்டும். "வேணாம்" என்று சொல்லும் பிள்ளையை "பாடுடா, மாமா கேக்குறாங்கள்ல" என்று வீட்டார் நெருக்கும்போது, கருவியை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுவதுதான் முறை.

பாதுகாப்பு விதிகள் சில:

• எந்தப் பிள்ளையுடனும் தனியாக இருக்கக் கூடாது. பெரியவர் இன்னொருவர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும்.

• குறிப்பேட்டில் பிள்ளையின் முழுப் பெயரும் முகவரியும் வேண்டாம். வயது, ஆணா பெண்ணா, ஊர், ஓர் எண் போதும். பெயர்ப் பட்டியல் வேறொரு தாளில், வேறொரு இடத்தில் இருக்கட்டும்.

• காணொளியில் கையும் காலும் தெரிந்தால் போதும். கல் விளையாட்டுக்கு மேலிருந்து கையை மட்டும் எடுப்பதுதான் ஆட்டம் புரியவும் நல்லது.

• கேமராவைக் கண்டதும் பிள்ளைகளுக்கு வீரம் வரும். பச்சைக்குதிரையில் வழக்கத்தைவிட உயரமாகக் குனியச் சொல்வார்கள், கட்டாந்தரையில் குதிப்பார்கள். மணல் உள்ள இடத்தைத் தேர்ந்துகொள்வதும், கிணற்றடியையும் சாலையோரத்தையும் தவிர்ப்பதும் சேகரிப்பவரின் பொறுப்பு.

• பெரியவர்களை நொண்டி அடித்துக் காட்டச் சொல்லக் கூடாது. எழுபது வயது முழங்கால் ஒரு பாண்டிக் கட்டத்தைக்கூடத் தாங்காது. அவர் உட்கார்ந்துகொண்டு சொல்ல, பேத்தி தாண்டட்டும். சடுகுடுவுக்கு மூச்சடக்கிக் காட்டுவதும் அப்படித்தான்; இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவரை ஒரு வரிக்கு மேல் கேட்க வேண்டாம்.

• பேச்சுவாக்கில் ஒரு பிள்ளை, தன்னை யாரோ துன்புறுத்துவதாகச் சொல்லக்கூடும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவி விசாரிக்கவும் கூடாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ அழைக்க வேண்டும்.

பெரியவர்களிடம் போகும்போது

நல்ல நேரம் காலைச் சமையல் முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு முன்பும், மாலை விளக்கு வைப்பதற்கு முன்பும். தனியாக ஒருவரைவிட, ஒன்றாக விளையாடி வளர்ந்த இருவர் மூவர் சேர்ந்திருந்தால் பத்து மடங்கு கிடைக்கும். ஒரே ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்காள் தங்கைகள், திருவிழாவுக்குப் பிறந்த வீடு வந்திருக்கும் பெண்கள், கல்யாண வீட்டின் முந்தைய நாள் மாலை: இப்படிப்பட்ட வாய்ப்பை நழுவவிடக் கூடாது.

1. முதலில் இடத்தைக் கேட்க வேண்டும். "சின்ன வயசுல எங்க அத்தை விளையாடுவீங்க?" வீட்டுக்குப் பின்னால் வைக்கோல்போர், ஆற்று மணல், கோயில் மண்டபம் என்று இடம் வந்தால் கூட விளையாடியவர்கள் வருவார்கள்.

2. அடுத்து நேரம். பாவாணர் தன் நூலில் விளையாட்டுகளைப் பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது என்று பிரித்திருக்கிறார். இதை அப்படியே கேள்வியாக்கலாம். "நிலா வெளிச்சத்துல என்ன விளையாடுவீங்க?" என்று கேட்டதும் பலருக்கும் முகம் மலரும்.

3. பிறகு பொருள். கல், சோழி, சில்லு ஆகியவற்றைப் பையிலிருந்து எடுத்து முன்னால் வைக்க வேண்டும். இதற்குப் பிறகு சேகரிப்பவர் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினமான வேலை. மௌனம் அரை நிமிடம் நீண்டால் அடுத்த கேள்வியைப் போட்டு அதை நிரப்பத் தோன்றும். நிரப்பக் கூடாது. ஞாபகம் வருவது அந்த அரை நிமிடத்தில்தான்.

4. பாதியில் நின்றுபோனால் எடுத்துக்கொடுக்கக் கூடாது. தனக்குத் தெரிந்த அடுத்த அடியைச் சொல்லிவிட்டால், அவர் "ஆமா, அதேதான்" என்பார். அவருடைய பாட்டு அத்துடன் போய்விட்டது. "முதல்லேர்ந்து ஆடுங்க" என்று சொன்னால், கை ஓடும் வேகத்தில் விட்டுப்போன அடி பெரும்பாலும் திரும்பி வரும்.

5. யாரிடம் கற்றது என்று கேட்க வேண்டும். "எங்க அம்மா சொல்லிக்கொடுத்தாங்க" என்று வருவது தாலாட்டுக்கும் கைவீச்சுப் பாட்டுக்கும்தான். தெருவில் ஆடும் ஆட்டங்கள் பெரும்பாலும் இரண்டு வயது மூத்த பிள்ளையிடமிருந்து வந்தவை. 'பக்கத்து வீட்டு அக்கா', 'மெட்ராஸிலிருந்து லீவுக்கு வந்த சித்தி மகள்' என்று கிடைக்கும் பதில்தான் பாட்டு வந்த பாதையைக் காட்டும்.

ஆண்களிடம் கேட்க வேண்டிய ஒன்று சடுகுடுப் பாட்டு. கபடிக்குப் பொது விதிகள் எழுதப்பட்ட பிறகு, பாடிப் போகிறவர் 'கபடி' என்ற ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஊர்தோறும், ஆளுக்கு ஆள், எதிரணியை வம்புக்கு இழுக்கும் வீறாப்பான அடிகள் இருந்தன. விதிப்புத்தகம் வந்ததும் அவற்றுக்கு வேலை போய்விட்டது. மாட்டுக் கொட்டகை வாசலிலும் ஆற்று மணலிலும் ஆடியவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவசரம் இதில்தான் அதிகம்.

பிள்ளைகளிடம் போகும்போது: ஒப்புக்குச் சப்பாணி

விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவும் முடியாமல் விரட்டவும் மனம் வராமல் வைத்துக்கொள்ளும் சின்னப் பிள்ளைக்கு 'ஒப்புக்குச் சப்பாணி' என்று பெயர். அது பட்டாலும் பட்டதாகக் கணக்கில்லை. சேகரிப்பவருக்கு மைதானத்தில் பொருத்தமான இடம் அதுதான். ஆசிரியர் போல நடுவில் நிற்பதும் தப்பு. மதிலுக்குப் பின்னால் மறைந்து பார்ப்பது அதைவிடப் பெரிய தப்பு.

முதல் இரண்டு நாள் கருவியே வேண்டாம். ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, விதி புரியவில்லை என்று ஒரு பிள்ளையிடம் கேட்க வேண்டும். பெரியவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பதில் எட்டு வயதுப் பிள்ளைக்கு இருக்கும் பெருமையைப் போலச் சேகரிப்பவருக்கு உதவுவது வேறில்லை. விளக்கிச் சொல்லும், ஆடிக் காட்டும், "அய்யோ, இது கூடவா தெரியாது?" என்று தலையில் அடித்துக்கொள்ளும். கற்றுக்கொண்டு தப்பாக ஆட வேண்டும். திருத்துவதற்காகவே இன்னும் நான்கு பேர் ஓடிவருவார்கள்.

மூன்றாம் நாள் பதிவு. அப்போதும் "வரிசையா நில்லுங்க, ஒவ்வொருத்தரா பாடுங்க" என்று சொல்லிவிடக் கூடாது. கைகட்டி நின்று ஒப்பிக்கும்போது பாட்டின் தாளம் செத்துப்போகும். பள்ளிக்கூட இழுவை வந்துவிடும். ஆட்டம் நடக்கட்டும், கருவி ஓடட்டும்.

சண்டை வந்தால் கருவியை நிறுத்தக் கூடாது. "அது அப்படி இல்ல, எங்க தெருவுல வேற" என்று இரண்டு பேர் முட்டிக்கொள்வதில், ஒரே பாட்டின் இரண்டு வடிவமும், எந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்ற வரலாறும், தப்பாகச் சொன்னால் ஆட்டத்தில் என்ன தண்டனை என்பதும் ஒரே நிமிடத்தில் வந்து விழும். காய் விட்டவர்கள் பழம் விடும்போது சொல்வதும் சேகரிக்க வேண்டியதே.

பதிவு செய்தல்

கைபேசி போதும். ஆனால் சில வேலைகளை மறக்கக் கூடாது.

1. ஃபிளைட் மோடில் போட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வந்து பதிவை அறுத்துவிடும்.

2. சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியும் செயலியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 எம்.பி. ஆகும். இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

3. கல் விளையாட்டென்றால் கைபேசியை நேரே சிமெண்டுத் தரையில் வைக்கக் கூடாது. கல் விழும் அதிர்வு தரைவழியே ஏறிக் குரலை மூழ்கடிக்கும். நான்காக மடித்த துண்டின்மேல், பாடுபவரின் பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி வைக்கலாம். கல்லோசை முழுக்கப் போய்விடவும் கூடாது. அந்த 'டக்' தான் பாட்டின் தாளக்கட்டை.

4. மின்விசிறி, தொலைக்காட்சி, குக்கர் மூன்றையும் நிறுத்த முடியுமா என்று கேட்டுக்கொள்ளலாம். சேவல் கூவுவதும் பக்கத்தில் பிள்ளை அழுவதும் இருக்கட்டும்.

5. தொடங்கும்போது தேதி, ஊர், விளையாட்டின் உள்ளூர்ப் பெயர் ஆகியவற்றைச் சேகரிப்பவர் தன் குரலில் சொல்லிவிட வேண்டும். கோப்பின் பெயர் தொலைந்தாலும் இது தொலையாது.

6. முதலில் வழக்கமான வேகத்தில் ஆட்டத்தோடு ஒருமுறை. பிறகுதான் வேண்டுமானால் மெதுவாக. சடுகுடுவில் மெதுவாகச் சொல்லச் சொல்வதே கூடாது. அந்தப் பாட்டின் நீளம் ஒரு மூச்சின் நீளம்.

எழுத்தில் இறக்குதல்

அன்று இரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் ஆனால் 'அந்த இடத்தில் வலது கையா, இடது கையா' என்பது மறந்துபோகும்.

தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் சொல், வலப்பக்கம் செயல் என்று எழுதுவது எளிய முறை. தட்டு விழும் எழுத்துக்கு அடியில் கோடு. மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு சாய்கோடு. இசைக்குறிப்பு தெரிந்தவர் ஸ்வரமும் எழுதலாம்; தெரியாதவர் அதற்காகத் தயங்க வேண்டாம், ஒலிப்பதிவு இருக்கிறது.

காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும். 'விளையாண்டு' என்றால் விளையாண்டுதான். அதை 'விளையாடி' என்று திருத்தக் கூடாது. திருத்தத்தில் ஓர் அசை இடம் மாறினால், குதிக்க வேண்டிய கால் எங்கே குதிப்பது என்று தெரியாமல் நிற்கும். பொருளே இல்லாத சொற்களைப் பார்த்துத்தான் படித்தவர்களின் கை துறுதுறுக்கும். 'இது ஏதோ நல்ல தமிழ்ச் சொல்லின் சிதைவு' என்று ஊகித்துச் சீராக்கிவிடுவார்கள். ஊகம் இருந்தால் ஓரத்தில் வேறு நிறத்தில் எழுதலாம். பாட்டுக்குள் அதற்கு இடமில்லை.

பொருளற்ற சொற்களில் தமிழ் எழுத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. தெரிந்த சொல் என்றால் 'தங்கம்' என்பதன் ககரத்தை எப்படி ஒலிப்பது, 'காகம்' என்பதன் முதல் ககரத்தை எப்படி ஒலிப்பது என்று படிப்பவருக்குத் தெரியும். கேட்டறியாத சொல்லில் வரும் க, ச, ட, த, ப ஆகியவற்றை எப்படி ஒலிப்பது? எழுத்து சொல்லாது. ஆகவே ஓரத்தில் 'தங்கத்தில் வரும் க', 'பம்பரத்தில் வரும் இரண்டாவது ப' என்று குறித்துவைக்க வேண்டும். ஐந்து நொடி வேலைதான். பத்து ஆண்டு கழித்து வேறொருவர் அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்ல அது ஒன்றுதான் வழி.

பதிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு அட்டை எழுத வேண்டும். அதற்குப் பாவாணர் காட்டிய வழி இன்றும் உதவும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஆட்டின் பெயர், ஆடுவார் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை என்று தலைப்பிட்டு அவர் எழுதிச் சென்றிருக்கிறார். அவற்றோடு சொன்னவரைப் பற்றிய விவரங்களைச் சேர்த்துக்கொண்டால் அட்டை நிறைவாகும். ஒரு மாதிரி:

அட்டை எண்: 017
உள்ளூர்ப் பெயர்: சொட்டாங்கல்
ஆடுவார் தொகை: இருவர் முதல் நால்வர் வரை
ஆடுகருவி: ஐந்து கூழாங்கல்
ஆடிடம்: திண்ணை, முன்பு கோயில் மண்டபம்
சொன்னவர்: பெண், 68 வயது
கற்றது: எட்டு வயதில், பக்கத்து வீட்டு அக்காவிடம், பிறந்த ஊரில்
கடைசியாக ஆடியது: வயதுக்கு வந்த பிறகு ஆடவில்லை
பதிவான சூழல்: கல்லைக் கையில் கொடுத்த பின் வந்தது, நான்காம் ஆட்டத்தின் அடி நினைவில்லை
கோப்பு: 2025-05-11_017_சொட்டாங்கல்_1

'கடைசியாக ஆடியது' என்ற வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெண்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும். அந்தப் பதிலுக்குள் ஒரு சமூகமே இருக்கிறது.

எது சரியான பாட்டு?

இந்தக் கேள்வியைச் சேகரிப்பவர் கேட்கவே கூடாது. மூன்று தெருவில் மூன்று விதமாகச் சொன்னால் மூன்று அட்டை. மூன்றிலும் நல்ல அடிகளைப் பொறுக்கி ஒரு 'முழுப்பாட்டு' தைப்பது பெரிய குற்றம். அப்படி ஒரு பாட்டை உலகத்தில் எந்தப் பிள்ளையும் பாடியதில்லை. நடுவில் தொலைக்காட்சி விளம்பரமோ நடிகர் பெயரோ வந்தாலும் அது கலப்படம் ஆகாது. பிள்ளைகள் கைக்கு எட்டியதை எடுத்துப் பாட்டில் வைப்பவர்கள். அந்தப் பெயரை வைத்தே பாட்டு எந்த ஆண்டுக்குப் பிற்பட்டது என்று சொல்லிவிடலாம்.

பழமையை நிறுவுவதில் காட்டும் ஆவலையும் சற்று அடக்க வேண்டும். திருவாசகத்தில் அம்மானை, பொன்னூசல், சாழல், உந்தி என்று மகளிர் விளையாட்டின் பெயரால் அமைந்த பகுதிகள் இருக்கின்றன. மாணிக்கவாசகர் காலத்திலேயே விளையாட்டும் பாட்டும் பிணைந்திருந்தன என்பதற்கு அது சான்று. அதனால் இன்று தெருவில் கேட்ட ஓர் அடி ஆயிரம் ஆண்டுப் பழையது ஆகிவிடாது. அட்டையில் எழுத வேண்டியது, கேட்ட தேதியும் சொன்னவர் கற்ற ஆண்டும்தான்.

காதுக்குக் கசக்கும் பாட்டுகள்

விளையாட்டுப் பாட்டில் கெட்ட வார்த்தை வரும். உடல் குறையைக் கேலி செய்வது வரும். சாதிப் பெயரை வைத்து இழிப்பது வரும். இவற்றை எழுதாமல் விட்டால் ஆவணம் பொய்யாகும். எழுதி அச்சில் போட்டால் யாரோ ஒரு பிள்ளையை அது மறுபடி அடிக்கும். நடைமுறையில் செய்யக்கூடியது இதுதான்: பெரியவர் தானாகச் சொன்னால் பதிந்து, அட்டையில் சிவப்புக் குறியிட்டுத் தனி உறையில் வைத்து, வெளியிடாமல் இருக்க வேண்டும். பிள்ளை சொன்னால் சிரிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது, திரும்பச் சொல்லச் சொல்லவும் கூடாது. ஒருவரைக் குறிவைத்து அங்கேயே பாடினால் சேகரிப்பு அந்த நிமிடம் நிற்க வேண்டும்; கேலிக்கு ஆளாகும் பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்பதுதான் அப்போதைய வேலை.

அடிக்கடி நேரும் தவறுகள்

ஒரே நாளில் ஐம்பது பாட்டு வேண்டும் என்று ஓடுவது. ஆட்ட முறையை 'அப்புறம் எழுதிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவது. பாட்டுக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பது. பேச்சு பரவி, அடுத்த தெருவில் புதிதாகக் கட்டிய பாட்டுகள் காத்திருக்கும். மைதானத்தின் ஓரத்தில் பேசாமல் நிற்கும் பிள்ளையைக் கவனிக்காமல் போவது. ஆட்டத்தில் சேர்க்கப்படாத பிள்ளைக்குத்தான் எல்லா ஆட்டத்தின் சொற்களும் தெரிந்திருக்கும், பார்த்துக்கொண்டே இருந்ததால். ஒரு தெருவில் மட்டும் கேட்டுவிட்டு 'இந்த ஊர்ப் பாட்டு' என்று எழுதுவது. ஊரும் சேரியும் தனித்தனியாக விளையாடிய இடங்களில் இரண்டு பக்கமும் போகாதவருடைய தொகுப்பு பாதித் தொகுப்புதான்.

பத்திரப்படுத்துதலும் திருப்பிக் கொடுத்தலும்

கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் கணினியில் அவை தாமாகக் காலவரிசையில் நிற்கும். மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைக் கருவிகளில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். கைபேசியில் மட்டும் இருக்கும் பதிவைக் கைபேசியோடு தொலைத்தவர்கள் பலர். தொகுப்பு வளர்ந்த பிறகு பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை போன்ற இடங்களை அணுகி யோசனை கேட்கலாம். இலங்கைத் தமிழர் சேகரிப்பென்றால் நூலகம் நிறுவனம் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும், பெற்றோரும் பெரியவர்களும் எதற்குச் சம்மதித்தார்களோ அந்த எல்லைக்குள் மட்டும் கொடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், எழுதியதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துச் சொன்னவர் வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்ட வேண்டும். பதிவைப் போட்டுக் கேட்கவைக்க வேண்டும். தன் குரலைக் கேட்டு அந்த அம்மா வெட்கப்பட்டுச் சிரிப்பார். பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். பாதி கேட்டதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லக்கூடும். "நாலாவது ஆட்டத்துக்கு ஒண்ணு உண்டு, அன்னிக்கு வரல. நேத்து பாத்திரம் கழுவுறப்ப வந்துச்சு." பையிலிருந்து கல்லை எடுத்து வைத்துவிட்டுக் கருவியை ஓடவிட வேண்டும். புதிய அட்டையின் எண் 017-அ.